கயிறு பிடித்த கை

பிப்ரவரி 3
எலும்பு வார்டு, ஜன்னலோரக் கட்டில்

மாப்பிள்ளைக்கு,

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நான் நலமில்லை என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

நேற்று சூப்பர்வைசர் வந்திருந்தார். கையில் ஒரு கிலோ ஆப்பிள், முகத்தில் ஒரு கிலோ துக்கம். என் காலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு, கிளம்பும்போது வாசலில் நின்றுகொண்டு, "கவலைப்படாதீங்க, வேலை நிக்கல. இப்போ உங்க மச்சினன்தான் இறங்குறான். உங்க ஹெல்மெட் அவனுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு" என்றார். கையில் கிடைத்ததை எடுத்து அவர்மேல் எறிந்தேன். மனுஷன் குனிந்துகொண்டார். சுவரில் பட்டுச் சிதறியது என் போன். அதனால்தான் கடிதம். போன் இருந்தாலும் நடுக்கடலில் நிற்கிற பார்ஜில் உனக்குச் சிக்னல் கிடையாது. இருந்தாலும் நான் கத்த, நீ கத்த, நடுவில் உன் அக்கா பிடுங்கி வைத்துவிடுவாள். காகிதத்தில் எவ்வளவு கத்தினாலும் யாரும் பிடுங்க முடியாது.

யாரைக் கேட்டு என் ஹெல்மெட்டில் கை வைத்தாய்? இத்தனை வருஷமாக நான் கீழே, நீ மேலே. நான் கடலடியில் மூழ்கிக் கிடக்கிற கப்பலை வெட்டுவேன். நீ பார்ஜின் விளிம்பில் உட்கார்ந்து ஒரு கையில் என் கயிற்றையும் மறு கையில் என் கூண்டை ஏற்றி இறக்குகிற விஞ்சையும் பிடித்திருப்பாய். அதுதானே நம் ஏற்பாடு? நான் படுத்த மறுவாரமே ஏற்பாட்டை மாற்ற நீ யார்?

ஆப்பரேஷன் நடக்கும் முன்பே முறுக்கிக்கொண்டு படகேறிவிட்டாய். அதனால் அதையும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. தொடை எலும்பின் தலை ஒரு பந்து. அது இடுப்புக் குழியில் உட்கார்ந்திருக்கிறது. என் பந்துக்கு ரத்தம் போகிற வழி அடைத்துப்போய் உள்ளே எலும்பு செத்துவிட்டது. "எப்படி டாக்டர் அடைச்சுது?" என்றேன். "என்ன வேலை பாக்குறீங்க?" என்றார். சொன்னேன். பேனாவை மூடிவிட்டார். சோடா பாட்டிலைப் படாரென்று திறந்தால் பொங்குகிறதே, அதுபோல ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வருகிறவன் ரத்தத்தில் குமிழி கட்டுமாம். அது போய் எலும்பின் குழாயை அடைத்துக்கொண்டு, வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் தின்னுமாம்.

பந்து இன்னும் நசுங்கவில்லை, காப்பாற்றிப் பார்க்கலாம் என்றார். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பு இருக்கிறதல்லவா, அதில் மெல்லியதிலிருந்து ஒரு துண்டை அதன் ரத்தக் குழாயோடு வெட்டி எடுத்தார்கள். இடுப்பில் செத்ததைச் சுரண்டிவிட்டு அங்கே அதை நட்டு, குழாயைக் குழாயோடு தைத்திருக்கிறார்கள். தலைமுடியைவிட மெல்லிய நூலாம். அது பிடித்தால் என் பந்து எனக்கு. பிடிக்காவிட்டால் அறுத்துப் போட்டுவிட்டு இரும்புப் பந்து. டாக்டர் சொல்கிறவரை இந்தக் கால் தரையில் படக் கூடாது. தவறிக்கூடப் படக் கூடாது.

அன்று வார்டில் கேட்டதையே திரும்பக் கேட்கிறேன். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கூண்டை நிறுத்தி, ரத்தத்தில் ஏறிய காற்று இறங்கும்வரை டைவர் சும்மா நிற்க வேண்டும். அது உனக்கும் தெரியும். குளிர், அலுப்பு, சிகரெட் ஞாபகம் எல்லாம் சேர்ந்து நான் பாதியிலேயே கயிற்றை நாலு சுண்டு சுண்டுவேன். நாலு சுண்டு என்றால் மேலே இழு. நான் சுண்டினேன், சரி. நீ ஏன் இழுத்தாய்? மேலே வெயிலில், உலர்ந்த சட்டையோடு, கையில் கடிகாரம் கட்டி உட்கார்ந்திருந்தவன் நீதானே?

ஹெல்மெட்டைத் துடைத்துப் பெட்டியில் வை.

கோபத்தோடு,
அத்தான்


பிப்ரவரி 9
பார்ஜ்

அத்தானுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் உருளைக்கிழங்கு மூட்டையோடு சாமான் படகில் வந்தது. இரண்டில் மூட்டைதான் கனம் குறைவு.

வார்டில் அத்தனை பேர் முன்னால், அக்கா முன்னால், ஊசி போட வந்த நர்ஸ் முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். எனக்குப் பதில் தெரியாமல் இல்லை. மறுநாள் கத்திக்குப் போகிற ஆளோடு மல்லுக்கு நிற்க வேண்டாம் என்றுதான் கிளம்பினேன். இப்போது தையல் போட்டாயிற்று. கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் கயிறு பிடிக்க வந்த அன்று நீங்கள் சொன்னது: "கீழே இருக்கிறவன் சுண்டினா அது உத்தரவு. மேலே இருக்கிறவனுக்கு மூளை வேண்டாம், கை போதும்." ஞாபகம் இருக்கிறதா? அந்த மாதமே ஒருநாள், நிறுத்தத்தில் நேரம் முடியவில்லையே என்று நீங்கள் சுண்டியும் நான் தாமதித்தேன். மேலே வந்ததும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை, ஈரக் கையுறையோடு அறைந்தீர்கள். மொத்தப் பார்ஜும் பார்த்தது. அன்றோடு மூளையைக் கழற்றி வைத்துவிட்டேன். மூளையில்லாத கையைக் கேட்டீர்கள், கொடுத்தேன். இப்போது வந்து மூளை எங்கே என்றால் நான் எங்கே போவேன்?

ஹெல்மெட் ஒன்றும் எனக்கு அளவெடுத்த மாதிரி இல்லை. உங்களுக்குத் தலைக்கனம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தலையும் அவ்வளவு பெரிசு என்று இப்போதுதான் தெரிகிறது. உள்ளே துண்டு சுற்றிக்கொண்டு இறங்குகிறேன். நாலு முறை கழுவியும் உங்கள் தலை எண்ணெய் வாடை போகவில்லை.

யாரைக் கேட்டு இறங்கினேன் என்கிறீர்கள். டைவர் இல்லாமல் ஒரு வாரம் கிடந்தால் வேறு கம்பெனியிலிருந்து ஆள் கொண்டுவருவதாகச் சூப்பர்வைசர் சொன்னார். உங்கள் இடத்தில் வெளியாள் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான். நான் உட்கார்ந்தால் எழுந்திருப்பேன். இது உங்கள் பெரிய தலைக்கு ஏன் ஏறவில்லை?

கயிறு பிடிப்பது சூப்பர்வைசரின் ஒன்றுவிட்ட தம்பி மகன். தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் சுண்டினால் இழுத்துவிடுகிறான்.

கால் எப்படி இருக்கிறது என்று அக்காவை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். உங்களைக் கேட்டால் கால் எழுதாது, கோபம்தான் எழுதும்.

இப்படிக்கு,
மூளையில்லாத கை


பிப்ரவரி 20
வீடு

மாப்பிள்ளைக்கு,

உன் அக்கா எழுத மாட்டாள். ஆப்பரேஷன் அன்று நீ இல்லை என்ற ஆத்திரம் அவளுக்கு இன்னும் அடங்கவில்லை. அதனால் கால் பற்றிக் காலுக்குச் சொந்தக்காரனே எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்துவிட்டேன். முன்னறையில், நாற்காலிகளை வெளியே தள்ளிவிட்டுக் கட்டில் போட்டிருக்கிறாள். அவளுக்கு ஓட்டல் சலவைப் பிரிவில் வேலை என்பதன் பலனை இத்தனை நாள் கழித்து அனுபவிக்கிறேன். வேலைக்குப் போகுமுன் என்னைப் படுக்க வைத்து, போர்வையை நாலு பக்கமும் மெத்தைக்குக் கீழே செருகிவிட்டுப் போகிறாள். அப்படியொரு இறுக்கம். தபால் உறைக்குள் போட்டு ஒட்டிய மாதிரி கிடக்கிறேன். ஊன்றுகோல் இரண்டும் அலமாரி உச்சியில். "எதுக்குடி அங்கே வச்சே?" என்றால், "உங்களைத் தெரியாதா எனக்கு?" என்கிறாள்.

இடுப்பில் ஒரு வெட்டு, கெண்டைக்கால் பக்கம் ஒரு வெட்டு. இடுப்புகூடப் பரவாயில்லை, எலும்பு எடுத்த இடம்தான் உயிர் போகிறது. நன்றாக இருந்த இடத்தைக் கெடுத்துக் கெட்ட இடத்தைத் தேற்றுகிறார்கள். பெருவிரல் வேறு மடங்கிக்கொண்டு நிமிர மாட்டேன் என்கிறது. பயிற்சி கொடுக்கிற அம்மா வந்து அதைப் பிடித்து நிமிர்த்தும்போது நான் போடுகிற சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைக்கிறது. அந்த அம்மா அசரவே மாட்டார்கள். "ஒத்துழைங்க சார்" என்பார்கள்.

டாக்டரிடம், "பிடிச்சா எப்போ கடல்ல இறங்கலாம்?" என்று கேட்டேன். சிரித்தார். "நடக்கலாம். மாடி ஏறலாம். கடலை மட்டும் கரையில நின்னு பாருங்க" என்றார். எதையாவது எடுத்து எறியலாம் என்று பார்த்தால் உன் அக்கா கைக்கு எட்டாமல் எல்லாவற்றையும் தள்ளி வைத்திருந்தாள். ஆக, நீ என் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அந்த இடம் போய்விட்டது. இதை எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும்.

இதற்கு மட்டும் பதில் எழுது. நிறுத்தத்தில் முழு நேரமும் நிற்கிறாயா? சுற்றி வளைக்காமல் சொல்.

அத்தான்


மார்ச் 2
பார்ஜ்

அத்தானுக்கு,

நிற்கிறேன். பெரும்பாலும்.

முகத்தைச் சுளிக்காதீர்கள். காலநிலை மாறுமுன் கப்பலின் பின்பாதியை வெட்டி ஏற்றிவிட வேண்டுமாம். சூப்பர்வைசர் என் தலைக்கு மேலேயே குடியிருக்கிறார். ஒரு நாளைக்கு மூன்று முறை இறக்குகிறார். மூன்றாவது முறை வரும்போது உடம்பு விறைத்துப்போகிறது. அந்த நேரத்தில் கூண்டுக்குள் நின்றுகொண்டு மேலே வெளிச்சத்தைப் பார்ப்பது எவ்வளவு கொடுமை என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஹெல்மெட்டில் பேசுகிற கருவி எப்போதும்போலச் செத்துக் கிடக்கிறது. வெறும் கொசுச் சத்தம். கயிறு ஒன்றுதான் பேச்சு.

ஒன்று சொல்கிறேன், கோபித்தாலும் சரி. கீழே நன்றாக இருக்கிறது. இத்தனை வருஷம் மேலே உட்கார்ந்து குமிழியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நானே கப்பலின் சமையலறைக்குள் நுழைந்து பார்த்தேன். சுவரில் கரண்டிகள் வரிசையாகத் தொங்குகின்றன, ஒன்றுகூட விழவில்லை. கட்டரைப் பற்றவைத்து ஒரு தகட்டை முதன்முதலாக நேராக அறுத்தபோது என் வாழ்க்கையில் யாரும் என்னைப் பாராட்டாத குறை தீர்ந்துபோனது. இதையெல்லாம் நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. கஞ்சன்.

இந்த வேலை முடிந்ததும் என்னை நிரந்தர டைவராகப் போடுவதாகச் சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். கால் சரியானதும் நீங்கள் வந்து எனக்குக் கயிறு பிடிக்கலாம். மூளை வேண்டாம், கை போதும்.

மேலே வந்தபின் வலது தோள் கொஞ்சம் குடைகிறது. கட்டரைத் தூக்கிப் பழக்கமில்லாததால் இருக்கும். உங்கள் பெட்டியில் பச்சைத் தைலம் பாதி பாட்டில் இருந்தது, தேய்த்துக்கொள்கிறேன். அதற்காகவும் சண்டைக்கு வராதீர்கள், புதிசு வாங்கி வைத்துவிடுகிறேன்.

அக்கா கோபம் தணிந்ததா?

இப்படிக்கு,
மாப்பிள்ளை


மார்ச் 6
வீடு

டேய்,

மரியாதையெல்லாம் அப்புறம்.

அந்தத் தைலத்தை ஏன் வாங்கினேன் என்று யோசித்தாயா? எனக்கும் கொஞ்சம் குடைந்தது. தொடை இடுக்கில். தூக்கக் கூடாததைத் தூக்கிவிட்டேன் என்று நானும் நினைத்தேன். தேய்த்தேன். மறுநாள் சரியாகிவிடும், மறுபடி குடையும், மறுபடி தேய்ப்பேன். பாட்டில் பாட்டிலாகத் தேய்த்தேன். நான் மேலே தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது உள்ளே எலும்பு செத்துக்கொண்டிருந்தது. கட்டரும் இல்லை, பழக்கமும் இல்லை, அது குமிழி. இடுப்புக்கு அடுத்து அதற்குப் பிடித்த இடம் தோள்தானாம். டாக்டர் வாயால் கேட்டேன்.

தோளுக்கு எங்கேயிருந்து எலும்பு எடுத்து ஒட்டுவார்கள்? உன்னை எங்கே வெட்டுவார்கள்? எனக்கு இருக்கிற மாதிரி போர்வை செருக உனக்கு யார் இருக்கிறார்கள்?

இந்தக் கடிதம் கொண்டுவருகிற படகிலேயே ஏறி வா. தோளைப் படம் எடுக்க டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கப்பல் எங்கேயும் ஓடிப்போகாது, அது ஏற்கெனவே மூழ்கியாயிற்று. சூப்பர்வைசர் தடுத்தால் அவர் கொண்டுவந்த ஆப்பிளெல்லாம் பத்திரமாக இருக்கிறது, திருப்பித் தருகிறேன் என்று சொல். வரவில்லையென்றால் என் முகத்தில் விழிக்காதே.

அத்தான்


மார்ச் 12
பார்ஜ்

அத்தானுக்கு,

படகு வந்தது, போய்விட்டது. நான் ஏறவில்லை.

நீங்கள் பாதியில் மேலே வருவது தெரிந்து, நான் கரைக்கு வரும்போதெல்லாம் அக்கா என்னிடம் கெஞ்சுவாள், "நீயாவது சொல்லுடா, நின்னு வரச் சொல்லுடா" என்று. சொன்னேன். என்ன பதில் சொன்னீர்கள்? "மேலே உக்காந்திருக்கிறவனுக்கு என்னடா தெரியும்?" அதே பதிலை இப்போது நான் உங்களுக்குச் சொல்கிறேன். கட்டிலில் படுத்திருக்கிறவருக்கு என்ன தெரியும்?

உங்களுக்கு அப்போது யாராவது இப்படிக் கடிதம் எழுதியிருந்தால் கப்பலை விட்டு வந்திருப்பீர்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். நீங்கள் செய்தால் வீரம், நான் செய்தால் முட்டாள்தனமா? உங்களுக்கு என் தோளைப் பற்றி அக்கறை இல்லை. உங்கள் இடத்தில் இன்னொருத்தன் நிற்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அதை அப்படியே சொல்லித் தொலைத்தால் நானாவது மதித்திருப்பேன்.

நான் சுண்டினால் தூங்குமூஞ்சி இழுக்கிறான். கேள்வி கேட்பதில்லை. நீங்கள் எழுதிய சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது, சந்தோஷப்படுங்கள்.

இனி எழுத வேண்டாம். நானும் எழுதப் போவதில்லை.

மாப்பிள்ளை


மார்ச் 15
வீடு

சரி.

அத்தான்


மார்ச் 19
பார்ஜ்

அத்தானுக்கு,

எழுத மாட்டேன் என்று சொன்னவன்தான். உங்களைப் போன்ற ஆளோடு சண்டை போட்டால் சொன்ன சொல்லைக்கூடக் காப்பாற்ற முடியாது.

நேற்று மூன்றாவது முறை இறங்கிவிட்டு வந்தேன். கூண்டு நிறுத்தத்தில் நின்றது. பல் தந்தியடித்தது. கொஞ்ச நேரம் பார்த்தேன், வழக்கம்போல நாலு சுண்டு. கூண்டு அசையவில்லை. தூங்குமூஞ்சி தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். மறுபடி நாலு. அசையவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. மேலே என்ன ஆயிற்றோ, விஞ்ச் கெட்டுவிட்டதோ, இந்த வெயிட்டோடு நான் ஏறவும் முடியாது, கத்தவும் முடியாது. கயிறு அறுந்துவிடும் அளவுக்கு இழுத்துச் சுண்டினேன்.

மேலேயிருந்து பதில் வந்தது. நாலு சுண்டு. என் தோள் கழன்றுவிடும்போல. மேலேயிருந்து கீழே நாலு சுண்டு சுண்டுவதற்கு நம் பேச்சில் அர்த்தமே கிடையாது. யாரோ என்னைத் திட்டுகிறார்கள் என்று புரிந்தது. கயிற்றிலேயே திட்டத் தெரிந்த ஆள் இந்தக் கடலில் ஒருவர்தான்.

அத்தான், ஹெல்மெட்டுக்குள் நான் உங்களைத் திட்டிய திட்டை மீன்கள்கூட மறக்காது. உங்கள் அப்பாவிலிருந்து ஆரம்பித்தேன். கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. நீங்கள் அசையவேயில்லை. முழு நேரமும், அதற்கு மேலும், ஊறப்போட்ட துணி மாதிரி என்னை அங்கேயே தொங்கவிட்டீர்கள். நடுநடுவே ஒரு சுண்டு. நலமா? நான் பதில் சொல்லவில்லை. மறுபடி ஒரு சுண்டு. நலமா? கடைசியில் அழுகை வந்து, ஒரு சுண்டு கொடுத்தேன். நலம்.

மேலே வந்து ஹெல்மெட்டைக் கழற்றும்போது நான் கயிறு பிடிக்க உட்கார்ந்த ஸ்டூல் காலியாக இருந்தது. தூங்குமூஞ்சி கயிற்றைப் பிடித்தபடி பேயறைந்தவன் மாதிரி நின்றான். கிரேன் சத்தம் கேட்டுத் திரும்பினால், சாமான் கூடை படகை நோக்கி இறங்குகிறது. அதில் காலி வெங்காயச் சாக்குகளுக்கு நடுவே ராஜா மாதிரி நீங்கள். ஒரு கால் பீரங்கிபோல நேராக நீட்டிக்கொண்டிருந்தது. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சூப்பர்வைசர் சொல்லித்தான் தெரிந்தது. நான் தண்ணீருக்குள் இருக்கும்போது படகு வந்ததாம், கூடையில் ஏற்றச் சொன்னீர்களாம், தடுத்தவரிடம் ஊன்றுகோலை ஓங்கி, "விஞ்ச்ல கை வச்சீங்கன்னா கட்டையால அடிப்பேன்" என்றீர்களாம்.

உங்களுக்கு அறிவிருக்கிறதா? தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைத்தது என்று எழுதியது நீங்கள்தானே? படகு ஆடும், கூடை ஆடும், கிரேன்காரன் குடிகாரன். அது விட்டுப்போனால் இரும்புப் பந்து என்றீர்கள். எனக்காக விட்டுப்போனது என்று ஆகிவிட்டால் நான் மிச்ச நாளை எப்படித் தள்ளுவது? யார் உங்களை வரச் சொன்னது? அக்காவுக்குத் தெரியுமா? தெரிந்தால் உங்களைக் கொன்றுவிட்டு என்னையும் கொல்வாள்.

கால் தரையில் பட்டதா இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள்.

நேற்று படுத்தபோது தோள் குடையவில்லை. இதை நான் எழுதியதாக நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மாப்பிள்ளை


மார்ச் 27
வீடு

மாப்பிள்ளைக்கு,

படவில்லை.

படகுக்காரர் அலமாரி உச்சியிலிருந்த ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்து, கட்டிலிலிருந்து படகுவரை என்னை முதுகில் சுமந்தார். படகிலிருந்து பார்ஜுக்குக் கூடை. கூடையிலிருந்து ஸ்டூலுக்குச் சமையல்காரரும் தூங்குமூஞ்சியும் ஆளுக்கொரு தோள். திரும்பும்போதும் சுமந்தேதான் கொண்டுவிட்டார்கள். கல்யாண மாப்பிள்ளையாக இருந்தபோதுகூட என்னை யாரும் இப்படித் தூக்கவில்லை.

உன் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. வெங்காய வாடை காட்டிக்கொடுத்தது. எங்கே போனேன் என்று சொன்னதும், அவள் திட்டவில்லை. அழவுமில்லை. போர்வையை எடுத்து வந்து, இன்னும் இறுக்கமாகச் செருகினாள். மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், "அவன் நின்னானா?" என்று கேட்டாள். நின்றான் என்றேன். போய்ச் சோறு போட்டாள்.

நேற்று டாக்டர் படம் எடுத்தார். படகுப் பயணத்தை நான் சொல்லவில்லை, அவள் சொல்லிவிட்டாள். டாக்டர் என்னைப் பேசிய பேச்சை எழுதினால் காகிதம் கருகிவிடும். அப்புறம் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். நட்டது நட்ட இடத்தில் இருக்கிறதாம். பந்து நசுங்கவில்லை. பிடித்துவிட்டது என்று சொல்ல இன்னும் நாள் ஆகும், ஆனால் பிடிக்காது என்று சொல்ல ஒன்றுமில்லை என்றார். டாக்டர்கள் இதற்குமேல் சிரிக்க மாட்டார்கள்.

உன் கடிதத்தில் இருந்த ஒன்றுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். என் இடத்தில் நீ நிற்பது பொறுக்கவில்லை என்று எழுதினாய். பொறுக்கவில்லைதான். சமையலறைக் கரண்டியைப் பற்றி நீ எழுதியதை எத்தனையோ தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் உன்னை உதைக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் அதற்காக நான் வரவில்லை. எதற்காக வந்தேனோ அது அங்கே போன பிறகு வேறாகிவிட்டது. அதைச் சொல்கிறேன்.

இத்தனை வருஷத்தில் நான் உன் ஸ்டூலில் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்தால் நீ கண்ணுக்குத் தெரியவில்லை. குமிழி மட்டும்தான் வருகிறது. முதல் நாலு சுண்டு வந்தபோது, நான் எதற்காக வந்தேன் என்பதே மறந்துவிட்டது. என் கை தானாகவே விஞ்சுக்குப் போய்விட்டது. இழுக்காதே என்று என் மூளை கத்துகிறது, கை கேட்கவில்லை. கீழே ஒருத்தன் கூப்பிடுகிறான், அவ்வளவுதான் அதற்குத் தெரிகிறது. இரண்டாவது நாலு வந்தது. உனக்குக் காற்று நின்றுவிட்டதோ, குழாய் மடங்கிவிட்டதோ என்று காற்றுமானியைப் பார்த்தேன். அது சரியாகத்தான் காட்டியது, குமிழியும் ஒழுங்காகத்தான் வந்தது, அப்படியும் கை விஞ்சை விடவில்லை. கையை எடுத்து என் நல்ல தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். மூன்றாவது தடவை நீ கயிற்றைப் பிய்த்தாயே, அப்போது உன்னைத் திருப்பித் திட்டவில்லை என்றால் இழுத்திருப்பேன். அதற்காகத்தான் திட்டினேன்.

நீ ஏன் இழுத்தாய் என்று உன்னைப் பத்துப் பேர் முன்னால் கேட்டேன். இனிக் கேட்க மாட்டேன்.

அந்த அறையும் தப்பு. அதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

அத்தான்


மார்ச் 31
பார்ஜ்

அத்தானுக்கு,

இன்று ஒரே முறைதான் இறங்கினேன். நிறுத்தத்தில் நின்றேன். சுண்டவில்லை. கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து ஒரு சுண்டு வந்தது. தூங்குமூஞ்சிதான். எத்தனை நாளாகக் கயிறு பிடிக்கிறான், ஒருநாளாவது என்னை நலமா என்று கேட்டிருப்பானா? மேலே வந்து, "யார்ரா சொல்லிக் கொடுத்தா?" என்றேன். "கட்டையோட வந்தாரே அவருதான். கேக்கலேன்னா வந்து அடிப்பேன்னாரு" என்றான்.

வெள்ளிக்கிழமைப் படகில் வருகிறேன். தோளைப் படம் எடுக்க. சூப்பர்வைசர் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தார், குதிக்கட்டும். படத்தில் என்ன வருமோ தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. அதை உங்களிடம்தான் சொல்ல முடிகிறது.

ஹெல்மெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். துண்டை மட்டும் எடுத்து வருகிறேன், அது என்னுடையது.

அக்கா வேலைக்குப் போன நேரத்தில்தான் வந்து சேருவேன். கதவு தட்டும் சத்தம் கேட்டால், தயவுசெய்து, எழுந்து வராதீர்கள். சாவி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். நானே திறந்துகொண்டு வருகிறேன்.

மாப்பிள்ளை